செவலைக்கு ஒரு மருத்துவர் வேண்டும்

ஏரிக்கரைக் குதிரைகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சென்ற திங்கட்கிழமை காலை உங்கள் ஊழியர் ஒருவர் என் கையில் நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். காயம்பட்ட குதிரையைச் சவாரி நிறுத்தத்தில் கட்டியிருப்பது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம், விளக்கம் தராவிட்டால் உரிமம் ரத்து என்று அதில் இருக்கிறது. என் விளக்கத்தை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

என் குதிரை செவலையின் முதுகில் கடைசியாகச் சேணம் ஏறி அன்றோடு 47 நாள். அவளை நான் அங்கே கட்டியது சவாரிக்காக அல்ல. லாயத்தில் தனியாக விட்டால் அவள் தீனி எடுப்பதில்லை. மற்றக் குதிரைகள் கண்ணில் பட்டால்தான் கொள்ளில் வாய் வைக்கிறாள். இதை அந்த ஊழியர் என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவள் எங்கே விழுந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். உடைந்த சாக்கடை மூடியைப் பற்றி நாங்கள் மூன்று மனு கொடுத்திருக்கிறோம். முன்னங்கால் உள்ளே போய், கணுவுக்கு மேலே எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்தது. அப்போது மணி நான்கு. ஊரில் இருந்த கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன். மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் இங்கே பார்ப்போம், குதிரையென்றால் மலைக்குக் கீழே கொண்டுபோங்கள் என்றார்கள். மூன்று காலில் நிற்கும் குதிரையை லாரியில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் எப்படி இறக்குவது? ஒவ்வொரு வளைவிலும் உடல் எடை முழுவதும் ஒரு பக்கம் சாயும். ஊன்றிக்கொள்ள அவளுக்கு அந்தக் கால் இல்லை.

கீழேயிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது மறுநாள் மாலை ஆகிவிட்டது. காயத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். தையல் போடும் நேரம் கடந்துவிட்டது, இனி திறந்தபடியேதான் ஆற வேண்டும் என்றார். உடனே தைத்திருந்தால் சீக்கிரம் ஆறியிருக்கக்கூடிய காயம் இன்னும் ஆறவில்லை. குதிரையின் காலில் முட்டிக்குக் கீழே சதை கிடையாது, தோலும் நரம்பும் எலும்பும்தான். அங்கே காயம் மெதுவாகத்தான் மூடும். கவனிக்காவிட்டால் வேண்டாத சதை புடைத்து வளரும். நல்ல காலைத்தான் அதிகம் கவனி என்றும் அவர் சொன்னார். பாரம் முழுவதும் அந்தக் காலில் இறங்கி, குளம்புக்குள் வீக்கம் கண்டால் அந்தக் காலும் போய்விடுமாம். ஆகவே தினமும் இரண்டு குளம்புகளையும் தொட்டுச் சூடு பார்க்கிறேன்.

முதல் வாரம் அவள் என்னைக் காலைத் தொட விடவில்லை. இருபது வருடம் குதிரையோடு வாழ்ந்தவன் என் கை நடுங்கியது. உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த நீரில் கழுவி, என் மனைவியின் பழைய நூல் சேலையைக் கிழித்து வெந்நீரில் அலசிக் காயவைத்துக் கட்டுப் போட்டோம். ஒரு மாதம் ஆனபோது வாளியை வைக்கும் சத்தம் கேட்டாலே அவளாகவே பாரத்தை மறுபக்கம் மாற்றிக்கொண்டு அந்தக் காலைச் சற்றுத் தூக்கி நின்றாள். யாரும் அவளுக்கு அதைப் பழக்கவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குதிரை நின்றுகொண்டே தூங்கும். ஆனால் ஆழ்ந்து தூங்க அது படுத்தாக வேண்டும், பயமில்லாத இடத்தில்தான் படுக்கும். விழுந்த நாளிலிருந்து செவலை படுக்கவே இல்லை. அன்று நான் வைக்கோலில் உட்கார்ந்திருந்தேன். முழங்காலை மெல்ல மடக்கி, அருகிலேயே சரிந்து, தலையை என் தொடைமீது வைத்தாள். அந்தத் தலை எவ்வளவு கனம் என்று அன்றுதான் தெரிந்தது. கால் மரத்துப் போனது, விடியும்வரை நான் அசையவில்லை. வதை செய்தவன் என்று எனக்குத்தான் நோட்டீஸ் வந்திருக்கிறது.

காயம்பட்ட விலங்கை வேலை வாங்கக் கூடாது என்று 11-ஆவது பிரிவு சொல்கிறது. அது சரியான சட்டம், யார் மீறினாலும் தண்டியுங்கள். பொறுப்பில் வைத்திருப்பவன் விலங்கின் நலனைக் காக்க வேண்டும் என்று 3-ஆவது பிரிவு சொல்கிறது. மருத்துவர் இல்லாத ஊரில் நான் எதைக் கொண்டு காப்பது? நாங்கள் கேட்பது ஒன்றுதான். குதிரை வைத்தியம் தெரிந்த மருத்துவர் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் ஏரிக்கரைக்கு வர வேண்டும்.

பாம்பு கடித்தவனுக்குப் போடும் விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து வருகிறது. சென்னை அருகே வடநெம்மேலியில் பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்தார் எடுக்கும் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றித்தான் அதைத் தயாரிக்கிறார்கள். வயல்காட்டில் பிழைத்தெழுந்த எத்தனையோ பேர் உடம்பில் ஏதோ ஒரு குதிரை கொடுத்தது ஓடியிருக்கிறது. அந்தக் குதிரை இனத்துக்குக் காயத்தின் வழியே ரணஜன்னி (டெட்டனஸ்) எளிதில் தொற்றும். அதைத் தடுக்கச் செவலைக்கான ஊசி மருந்தை அந்த ஓய்வுபெற்ற மருத்துவர்தான் தன் பையில் கொண்டுவந்தார். ஊர் எல்லையில் நீங்கள் வைத்திருக்கும் வரவேற்புப் பலகையில் குழந்தையைச் சுமந்து நிற்பது ஒரு குதிரை. உரிமக் கட்டணம் ஒவ்வொரு வருடமும் தவறாமல் வசூலாகிறது. ஒரு ஊசி மருந்துக்கு அதில் இடமில்லையா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸைத் திரும்பப் பெறும்படி கேட்டுக்கொள்கிறேன். அதைவிட முக்கியமாக, சீசன் தொடங்குமுன் வாரம் ஒரு நாள் ஒரு மருத்துவரை அனுப்பும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கிழமை என்று மட்டும் தெரிவியுங்கள். அன்று சவாரியை நிறுத்திவிட்டு எல்லாக் குதிரைகளோடும் காத்திருக்கிறோம். முதலில் செவலையைக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஏரிக்கரைக் குதிரைக்காரன் ஒருவன்