கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தவருக்கு நன்றி

அன்புடையீர்,

பதினோரு ஆண்டுகளில் ஒன்பது அணிகளுக்குக் கூடைப்பந்து ஆடியவன் நான். எந்த அணியிலும் நிலைக்கவில்லை. போட்டிக்குப் போட்டி கூப்பிடுவார்கள்; பையைத் தூக்கிக்கொண்டு போவேன். நாதஸ்வரக்காரரைக்கூட முகூர்த்த நாளில்தான் கூப்பிடுவார்கள், உன்னை எந்நாளும் கூப்பிடுகிறார்களே என்பார் அம்மா.

பெரியகுளத்து மே மாதப் போட்டிக்கு லூதியானாவிலிருந்து வந்தேன். ஆறடி நான்கு அங்குல உடம்பை ரயிலில் மடக்கி இரண்டு இரவு, பிறகு பஸ். இறங்கியபோது இடது கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. "சதைப்பிடிப்பு, கட்டுப் போட்டுக்கொண்டு ஆடு" என்றார் எங்கள் நிர்வாகி. நானும் நம்பினேன்.

நடுவர் ஐயா, நான் நொண்டியதைக் கவனித்தவர் நீங்கள் ஒருவர்தான். சாக்ஸை இறக்கச் சொல்லிக் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினீர்கள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. "தம்பி, இது பிடிப்பு இல்லை. ஷூவைக் கழற்று" என்றீர்கள். அன்று உங்கள் மீது எனக்கு வந்த கோபம்!

க.விலக்கு அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்து, ஒரு துணுக்கு நுரையீரல்வரை போயிருந்தது. மருந்தில் தேறி வந்தேன். அடுத்த ஆண்டே மறுபடி உறைந்தது. இனி ஆயுள் முழுக்க, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவனுக்கு ஒரு முழங்கை இடி போதும், உள்ளே கசிகிற இரத்தம் எளிதில் நிற்காது. அமெரிக்கக் கூடைப்பந்து அணியான மயாமி ஹீட்டின் கிறிஸ் பாஷுக்கு இதே இரத்தக்கட்டி 2015-இல் நுரையீரலில் வந்தது, 2016-இல் காலில் வந்தது; அதன்பின் அவர் களமிறங்கவே இல்லை. இது தெரிந்தும் வாதாடிய என்னிடம் மூன்று முறையும் குரல் உயர்த்தாமல் "கூடாது" என்ற டாக்டர் அம்மா, உங்களுக்கு நன்றி.

அன்று எங்களை அடித்துத் துவைத்த எதிரணித் தம்பிகள் பரிசுப் பணத்தில் ஒரு பங்கை என் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அதன்பின் போனையே எடுக்காத நிர்வாகியைப் பற்றி இங்கே வேண்டாம்.

வார்ஃபரினுக்குக் கீரை ஆகாது என்று கேள்விப்பட்டு அம்மா கீரைக்காரியையே வாசலில் நிற்கவிடவில்லை. அளவு மாறாமல் சாப்பிடலாம் என்று டாக்டர் விளக்கிய பிறகு, முருங்கைக்கீரையை ஒரே கரண்டியால் அளந்து வைக்கிறார்.

இப்போது ஸ்கோர் மேசையில் உட்காருகிறேன். இடைவேளைதோறும் எழுந்து நடக்கிறேன். பதின்மூன்றாம் எண் ஷூ இரண்டு ஜோடி புதிதாகவே கிடக்கிறது. கால் பொருந்துகிற பையன் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள்.