மயங்கி விழுந்த பிள்ளை நடிக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளியில் தடுப்பூசி போட்டுக்கொண்ட மாணவிகள் அடுத்தடுத்து மயங்கி விழுந்ததை உங்கள் நாளிதழ் முதல் பக்கத்தில் படத்தோடு வெளியிட்டிருந்தது. மருந்தில் குறையில்லை, எல்லாரும் நலமாக வீடு திரும்பினார்கள் என்ற தகவல் பிறகு உள்பக்கத்து மூலையில் நான்கு வரியில் வந்தது. ‘பயத்தால் ஏற்பட்ட மயக்கம்தான்’ என்று அதை முடித்தும் விட்டீர்கள். பணிக்காலத்தில் பெரும்பகுதி தடுப்பூசி போட்டே கழித்து ஓய்வு பெற்ற செவிலியர் நான். முதல் பக்கச் செய்தியைவிட அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை அதிகம் உறுத்தியது.

‘பயத்தால்’ என்று படித்ததும், ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி நடித்திருக்கிறாள் என்றுதான் பலரும் எடுத்துக்கொள்வார்கள். உடம்பில் நடப்பது வேறு. ஊசியைக் கண்டதும் சிலருக்கு நாடி வேகமெடுக்கும். அப்புறம் திடீரென்று நேர்மாறாகி, இதயத் துடிப்பு மந்தமாகும், ரத்தக் குழாய்கள் தளரும், ரத்த அழுத்தம் சரியும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைவதால் கண் இருட்டிக்கொண்டு வரும், குப்பென்று வியர்க்கும், ஆள் சாய்ந்துவிடுவார். மயங்கிய நிலையில் கை கால் சில நொடிகள் வெட்டி இழுப்பதும் உண்டு. சுற்றி நிற்பவர்கள் வலிப்பு என்று அலறிவிடுவார்கள். மந்தமான நாடியை யாரால் நடித்துக் காட்ட முடியும்? நான் பார்த்ததிலேயே பெரிய உருவத்தோடு சாய்ந்தவர் ஒரு போலீஸ்காரர். அவரை யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்லவில்லை. பதினான்கு வயதுப் பெண்ணாக இருந்திருந்தால் சொல்லியிருப்பார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்குவார்கள். உடம்பிலிருக்கும் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் ஊசி குத்துவதுபோல இருக்கும், மரத்துப்போகும், விரல்கள் மடங்கி விறைத்துக்கொள்ளும். “சிஸ்டர், கை விளங்காமல் போயிடுச்சு” என்று ஒரு பிள்ளை அழுதால், அடுத்த பெஞ்சில் காத்திருக்கும் பிள்ளைக்கும் கை மரக்க ஆரம்பிக்கும். அந்த இரண்டாவது பிள்ளையும் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை வைத்து, மெதுவாக மூச்சை இழுத்து விடச் சொன்னால் தானாகச் சரியாகிவிடும். காகிதப் பையைப் பிடித்து அதற்குள் மூச்சு விடச் சொல்வது பழைய பழக்கம், இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை.

அதற்காக, விழுகிற எல்லாரையும் பயம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. கடுமையான ஒவ்வாமை அபூர்வமாக வந்தாலும் ஆளையே கொல்லக்கூடியது. பதற்ற மயக்கத்தில் தோல் வெளிறிச் சில்லென்று இருக்கும், நாடி மந்தமாக இருக்கும், படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் சீக்கிரம் தெளிந்துவிடும். ஒவ்வாமையில் பெரும்பாலும் நாடி வேகமாக ஓடும்; தடிப்புகள் கிளம்பலாம், உதடு வீங்கலாம், மூச்சில் விசில் சத்தம் கேட்கலாம், படுக்க வைத்ததால் மட்டும் தெளியாது. சந்தேகம் என்றால் தொடையில் அட்ரினலின் ஊசி போடத் தயங்கக் கூடாது. ஊசி போட்ட பிறகு உட்கார்ந்திருக்கச் சொல்வது இந்த இரண்டுக்காகவும்தான். மயக்கத்தில் எனக்குப் பெரிய கவலை தரை. நின்றபடி சரிந்து மண்டை உடைந்தால் அது சின்ன விஷயமில்லை. மயங்கியவரை நாலு பேர் சேர்ந்து தூக்கி உட்கார வைப்பதும் தவறு, மூளைக்கு ரத்தம் போவது இன்னும் தாமதமாகும்.

இந்தப் பதற்ற மயக்கம் கூட்டமாகப் பரவுவது புதிதல்ல. 1998-இல் ஜோர்டானில் பள்ளிகளில் டெட்டனஸ்–டிப்தீரியா ஊசி போட்டபோது 800-க்கும் மேற்பட்டோர் பக்கவிளைவு என்று வந்தார்கள், 122 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலானோருக்கு மருந்து காரணமில்லை என்றே விசாரணையில் தெரிந்தது. 2014-இல் கொலம்பியாவின் எல் கார்மென் தே பொலிவார் ஊரில், எச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்பிள்ளைகள் மயங்கிக் கிடக்கும் காட்சிகள் நாடு முழுக்கப் பரவின. மருந்துக்குத் தொடர்பில்லை என்று அரசு சொன்ன விதத்தில், தங்கள் பிள்ளைகளைப் பைத்தியம் என்று சொல்வதாகக் குடும்பங்கள் கொதித்துப்போயின. முதல் தவணை போட்டுக்கொண்ட பெண்பிள்ளைகளின் பங்கு 2012-இல் 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது, 2016-இல் 14 விழுக்காட்டுக்கு விழுந்துவிட்டது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அது என்பதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

பெரியவர்களுக்கும் இதேதான். 2021 ஏப்ரலில் அமெரிக்காவில் ஐந்து பெரிய முகாம்களில் ஜான்சென் கொரோனா தடுப்பூசி போட்ட 8,624 பேரில் 64 பேருக்குப் பதற்றம் சார்ந்த உடல் எதிர்வினை வந்தது. அவர்களில் 17 பேர் மயங்கினார்கள். அந்த 64 பேரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஊசியென்றாலே ஆகாது, அல்லது முன்பே ஊசிக்கு மயங்கிய அனுபவம் உண்டு. முன்கூட்டி ஒரு கேள்வி கேட்டிருந்தால் படுக்க வைத்தே போட்டிருக்கலாம்.

பயம் மட்டும்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட கையேடு, வயது, உடல்வாகு, முந்தைய அனுபவம், முகாம் நடக்கும் விதம், சுற்றியிருப்பவர்கள் பேசுவது எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. முகாம் நடத்துபவர்களிடம் நான் சண்டை போட்டதும் இதற்காகத்தான். ஊசித் தட்டு எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்து, வெயிலில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, முதலில் அழுத பிள்ளையை எல்லாருக்கும் நடுவே கிடத்தினால் வேறு என்ன நடக்கும்? ஒரு திரை போதும். ஊசி போடும் கையைத் தளர்வாக விட்டு, தொடையையும் வயிற்றையும் இறுக்கி இறுக்கி விடச் சொல்லிக்கொடுத்தால் ரத்த அழுத்தம் சரியாமல் பார்த்துக்கொள்ளலாம்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை இப்படி நடந்தால் செய்தி போடுங்கள், மறைக்கச் சொல்லவில்லை. மயங்கியவர்களின் எண்ணிக்கையோடு, அன்று ஊசி போட்டுக்கொண்டவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்பதையும் போடுங்கள். மயங்கிக் கிடக்கும் பிள்ளையின் படம் வேண்டாம். முகத்தை மறைத்தாலும் வகுப்பில் எல்லாருக்கும் அவள் யாரென்று தெரியும். பரிசோதனையில் என்ன தெரிந்தது என்பதை, மருத்துவரிடம் கேட்டு, முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் அதே அளவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்