அந்தப் பச்சைக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்

பழவேற்காடு ஏரிக்கரையில் கூடார முகாம் நடத்தும் நிர்வாகத்தாருக்கு,

வணக்கம்.

எந்தக் கயிறு என்று உங்களுக்குத் தெரியும். சமையல் கொட்டகைக்குப் பின்னால், இறால் பண்ணையின் கரையும் சீமைக் கருவேலப் புதரும் சேரும் இடத்தில், இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே இழுத்துக் கட்டியிருக்கிறீர்களே, அந்தப் பச்சை நைலான் கயிறு. 'விருந்தினர்களுக்கு மட்டும்' என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதிய பலகை ஒன்று அதில் தொங்குகிறது. முகாமில் மற்ற எல்லாப் பலகைகளும் ஆங்கிலத்தில் இருக்க, இது மட்டும் தமிழிலும் தெலுங்கிலும் இருப்பதால், யார் படிப்பதற்காக எழுதியது என்பதில் எனக்குக் குழப்பம் ஏற்படவில்லை.

கடந்த ஜனவரியில் என் மகளோடு உங்கள் மூன்றாம் எண் கூடாரத்தில் இரண்டு இரவுகள் தங்கினேன். வசதி போதவில்லை என்று குறைசொல்ல இதை எழுதவில்லை. படுக்கை சுத்தமாக இருந்தது. கொசுவலையில் ஓட்டை இல்லை. வெந்நீரைக் குழாயில் விடாமல் வாளியில் கொண்டுவந்து வைத்தீர்கள். எனக்கு அதுதான் பிடித்தது. இரவில் கூடாரத் துணி காற்றில் படபடக்க, இருட்டுக்குள் எங்கோ பூநாரைக் கூட்டம் வாத்துகளைப் போலப் பேசிக்கொண்டிருந்ததை நெடுநேரம் விழித்திருந்து கேட்டேன். என் தாய்வழிப் பாட்டி வீடு சூலூர்ப்பேட்டை. பள்ளி விடுமுறைக்குக் கும்மிடிப்பூண்டி வழியாக ரயிலில் போய் இறங்கிய காலத்தில், ஏரி எனக்கு ஸ்ரீஹரிகோட்டா சாலையின் இரு பக்கமும் தெரியும் வெள்ளைப் பளபளப்பு மட்டும்தான். அதன் ஓரத்தில் படுத்துத் தூங்கியது இந்த வயதில்தான் வாய்த்தது. அதற்கு உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாம் நாள் காலையில் நடந்தது வேறு.

சூரிய உதயம் பார்க்கக் கரைமேல் பாய் விரித்து, விருந்தினருக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏரிக்குள்ளிருந்து மூன்று பெண்கள் ஏறி வந்தார்கள். மார்பு வரை நனைந்த புடவை, ஆளுக்கொரு பறி, பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பனையோலைக் கூடை. தண்ணீர் குறையும் நேரம் பார்த்து இருட்டிலேயே இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துத் திரும்புகிற யானாதிப் பழங்குடிப் பெண்கள். உங்கள் காவலர் கயிற்றுக்கு அந்தப் பக்கமே அவர்களை நிறுத்தினார். விருந்தினர் உட்கார்ந்திருக்கிறார்கள், சுற்றிக்கொண்டு போங்கள் என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மாதச் சம்பளத்துக்குக் கயிற்றைக் காவல் காப்பவர் அவர்.

அதற்குள் விருந்தினர் ஒருவர் கேமராவோடு எழுந்து போனார். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கும்படி சைகையில் கேட்டார். அவர்களும் நின்றார்கள். வெளிச்சம் சரியில்லை என்று மறுபடி நிற்கச் சொன்னார். நின்றார்கள். படம் எடுத்து முடிந்ததும் காவலர் மறுபடி சுற்றுவழியைக் காட்டினார். படத்துக்காக அதே இடத்தில் ஐந்து நிமிடம் நிற்கலாம், அரை நிமிடத்தில் கடந்து போகத்தான் கூடாது என்பது எந்த ஊர் முறை என்று எனக்குப் புரியவில்லை. தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுக் கயிற்றைத் தாண்டி அவர்களோடு நடந்தேன்.

நீங்கள் அந்தச் சுற்றுவழியில் ஒருமுறையாவது நடந்திருக்கிறீர்களா? கரை முடிந்ததும் உமரிச் செடி படர்ந்த உவர்நிலம். பார்வைக்குக் காய்ந்தது போல இருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். கரிய சேறு, அழுகிய முட்டை நாற்றம், உள்ளே உடைந்த சிப்பி ஓடுகள். பத்தாவது அடியில் என் செருப்பு ஒன்று உள்ளே போனது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. கயிறு கட்டிய தடத்தில் ஏழு நிமிடத்தில் சேரவேண்டிய தார்ச்சாலைக்கு நாங்கள் வந்து சேர முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. நான் உடன் போனதால் கொஞ்சம் தாமதம் என்று வைத்துக்கொண்டாலும் அரை மணி நேரம் நிச்சயம். ஐஸ் பெட்டியோடு வரும் வியாபாரியின் டெம்போ ஏழு மணிக்குப் புறப்பட்டுவிடுகிறது. அன்றும் புறப்பட்டுவிட்டது. பிறகு சைக்கிளில் வந்த ஒருவர், ஐஸ் படாத இறால் என்று முகம் சுளித்து, டெம்போக்காரர் தரும் விலையில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்து எடுத்துக்கொண்டார். பேரம் எதுவும் நடக்கவில்லை. வெயில் ஏறிய பிறகு இறாலைக் கையில் வைத்துக்கொண்டு எவர் பேரம் பேச முடியும்?

மூவரில் மூத்தவரிடம் பறியை வாங்கிப் பார்த்தேன். இரு கையும் சேற்றுக்குள் தேடுவதால் பறியைப் பல்லில் கவ்விக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிடித்த இறாலை மோவாய்க்குக் கீழே தொங்கும் அதற்குள் போடுகிறார்கள். வாய் ஓரத்து ஓலை, பல் பதிந்து பதிந்து கறுத்து, மெல்லியதாகி இருந்தது. கறுப்பு இரண்டு இடத்தில் இருந்தது. ஏன் என்று கேட்டேன். வலப்பக்கக் கடைவாய்ப்பல் போய்விட்டது, இப்போது இடப்பக்கம் கடிக்கிறேன் அம்மா என்று சிரித்தார். கெளுத்தி முள் ஏறிய பெருவிரல் நகம் கோணலாக வளர்ந்திருந்தது. இவ்வளவையும் சர்வசாதாரணமாகச் சொன்னவர், கயிற்றைப் பற்றிக் கேட்டபோதுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மாமியார் நடந்த தடம் அது என்று மட்டும் சொன்னார்.

ஆகவே கேட்கிறேன்: அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்.

அன்று மதியமே உங்கள் மேலாளரிடம் இதைப் பேசினேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார். நிலம் பட்டா நிலம், வரைபடத்தில் பாதை என்று எதுவும் இல்லை, தவிர அவர்கள் 'அந்தப் பக்கத்து' ஆட்கள் என்றார். எந்தப் பக்கம்? ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி தமிழ்நாட்டில். நடுவே தண்ணீர் மீது ஓடும் எல்லையை இறால் மதிப்பதில்லை. இறாலைத் தேடிப் போகிறவர்கள் எப்படி மதிப்பார்கள்? இந்தப் பக்கம் இருளர், அந்தப் பக்கம் யானாதிகள். பிழைப்பு ஒன்றுதான், பறியும் ஒன்றுதான்.

இந்த ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை மீனவக் கிராமங்கள் 'பாடு' என்ற முறையில் சீட்டுப் போட்டுத் தங்களுக்குள் தீர்த்து வந்திருக்கின்றன. அந்தப் பாடு முறையிலும் இந்தப் பெண்களுக்குப் பங்கு கிடையாது. வலையும் இல்லை, படகும் இல்லை. அவர்களுக்கு மிஞ்சியது இடுப்பளவுக் கரையோரத் தண்ணீரும், அதற்குப் போகும் தடமும். ஸ்ரீஹரிகோட்டாத் தீவு யானாதிகள் வாழ்ந்த மண். ராக்கெட் தளத்துக்காக அங்கிருந்து இடம்பெயர்ந்தவர்கள் பலர். 1971 முதல் அங்கே ராக்கெட் ஏறுகிறது. நாட்டுக்காக என்றார்கள், சரி. உங்கள் கயிறு யாருக்காக?

நான் சட்டம் படித்தவள் இல்லை, வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவள். ஆனால் 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில், கடற்கரை விடுதிகள் இரண்டுக்கு நடுவே பொதுமக்கள் போய்வர 20 மீட்டர் அகல இடைவெளி விடவேண்டும் என்று இருப்பது எனக்குத் தெரியும். உங்கள் முகாம் கடற்கரையில் இல்லை, ஏரிக்கரையில் இருக்கிறது என்று உங்கள் வழக்கறிஞர் சொல்லக்கூடும். சொல்லட்டும். நான் கேட்பது 20 மீட்டர் இல்லை. தலையில் கூடையோடு ஒரு பெண் நடந்து போகும் அகலம்.

கூடாரம் கட்டடம் ஆகாது, ஆகவே இயற்கைக்குப் பாரமில்லை என்று உங்கள் கையேட்டில் படித்தேன். மகிழ்ச்சி. கூடாரத்துக்குக் கீழே சிமெண்ட் தளமும் பின்னால் ஓடு பதித்த கழிவறையும் இருப்பதை என் கண்ணே தவறாகப் பார்த்திருக்கலாம். 'அமைதி, பறவைகள் உறங்குகின்றன' என்னும் பொருளில் எழுதிய பலகைக்குப் பத்தடி தள்ளி ஜெனரேட்டர் இரவு பதினொரு மணி வரை ஓடியது. பறவைகள் பதினொன்றரைக்குத்தான் படுக்கும் போலும். பிறகு உங்கள் படகு சஃபாரி. ஆழம் இல்லாத ஏரி, கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு சத்தமில்லாமல் போனோம், அருமையாக இருந்தது. அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு அரித்து அரித்துத் தின்றுகொண்டிருந்தன பூநாரைகள். அந்த இளஞ்சிவப்பு நிறம் அவை தின்கிற பாசியிலும் நுண்ணிய இறாலினத்திலும் இருந்து வருவது என்று வழிகாட்டி அழகாக விளக்கினார். விளக்கி முடித்த கையோடு படகின் பக்கத்தைக் கழியால் ஓங்கித் தட்டினார். ஐந்நூறு பறவைகளாவது எழுந்து பறந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். சாப்பாட்டில் உட்கார்ந்தவரைத் தட்டி எழுப்பி, அவர் ஓடுவதைப் பார்த்துக் கைதட்டுகிற வழக்கத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை. 1976 முதல் ஆந்திரப் பகுதி ஏரி பறவைகள் சரணாலயம். சரணாலயம் என்றால் என்ன பொருள் என்பதை அந்தக் கழிக்கு யாராவது சொன்னால் நல்லது.

இரவு உணவில் 'ஏரி இறால்' என்று பரிமாறியதையும் விடமுடியவில்லை. அது வனாமி. பசிபிக் கடலோரத்து இனம், 2009இல் நம் நாட்டில் வளர்க்க அனுமதி கிடைத்து, இப்போது பக்கத்துக் குளங்களிலெல்லாம் வளர்வது. தின்பதில் தவறில்லை, ருசியும் மோசமில்லை. ஆனால் உண்மையான ஏரி இறால் அன்று காலை உங்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பல்லில் தொங்கிக்கொண்டு நின்றது. அதை உள்ளே விடவில்லை. அதன் பெயரை மட்டும் உள்ளே விட்டிருக்கிறீர்கள்.

கோபம் கொஞ்சம் எல்லை மீறிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரையும் வனாமியையும் நீங்கள் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். நான் பணிவோடு கேட்பது ஒன்றுதான். அந்தத் தடத்தைத் திறந்துவிடுங்கள். விருந்தினருக்குத் தொந்தரவு என்பது உண்மையானால் பாயைப் பத்தடி தள்ளி விரிக்கலாம்; சூரியன் அங்கிருந்தும் தெரியும், நான் போய் நின்று பார்த்தேன். அந்தப் பெண்களின் இறாலை டெம்போ விலைக்கு நீங்களே வாங்கினால் உங்கள் உணவுப் பட்டியலும் பொய் சொல்லாது. அது உங்கள் விருப்பம். தடம் உங்கள் விருப்பத்துக்கு உட்பட்டது என்று நான் நினைக்கவில்லை.

சாலையில் பிரியும்போது அந்த மூத்தவரிடம், முகாம்காரர்களிடம் என்ன கேட்கட்டும் என்று விசாரித்தேன். காலை ஏழு மணி வரை திறந்துவைத்தால் போதும் என்றார். அவர் கேட்டது அவ்வளவே. நான் நாள் முழுவதும் திறக்கும்படி கேட்கிறேன், ஏனென்றால் தண்ணீர் குறைகிற நேரம் தினமும் ஏழு மணிக்குள் வருவதில்லை. இதை அவர் உங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கலாம்.

தங்கல் எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை தருவீர்கள் என்று கேட்டு இதுவரை நான்கு குறுஞ்செய்திகள் அனுப்பியிருக்கிறீர்கள். ஐந்துமே தரலாம் என்றுதான் முதல் நாள் இரவு நினைத்தேன். கயிற்றை அவிழ்த்ததும் ஒரு வரி அனுப்புங்கள், அன்றே போட்டுவிடுகிறேன். செருப்பைத் தேடவேண்டாம்.

இப்படிக்கு,
மூன்றாம் எண் கூடாரத்தில் தங்கியவள்