ரோமில் ஒரு குழாயடி

மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, பதில் போடாததற்குத் திட்டாதே. முழங்கால் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. டாக்டர் சொன்ன நடையை மட்டும் விட்டுவிடாதே, நீ விட்டுவிடுவாய் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

நாங்கள் இன்னும் மகள் வீட்டில்தான் இருக்கிறோம். போன வாரம் அவள் லீவு போட்டு எங்களை ரோமுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நாலு நாள். அதில் மூன்றாம் நாளைப் பற்றித்தான் முக்கியமாக எழுதுகிறேன், ஏனென்றால் அன்று முழுக்க உன் ஞாபகம்தான். குடிநீர் வாரியத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டினவன் பார்க்க வேண்டிய ஊரை, வங்கிக் கணக்கர் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

முதல் நாளே சூடு பட்டது. கொலோசியத்துக்கு வெளியே வெயிலில் நா வறண்டுபோய், தெருவில் விற்றவரிடம் 3 யூரோ கொடுத்து ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினேன். இருபது அடி நடந்தால் ஒரு குழாய், சில்லென்ற நல்ல தண்ணீர், காசே இல்லை. உன் தங்கச்சி பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத முடியாது. இந்தக் குழாய்களுக்கு அந்த ஊரில் நாசோனே என்று பேர், பெரிய மூக்கு என்று அர்த்தம். இரும்பில் வார்த்த குட்டித் தூண், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும், அதிலிருந்து மூக்கு மாதிரி வளைந்த குழாய். 1874-இல் வைக்க ஆரம்பித்து இன்றைக்குச் சுமார் 2,500 இருக்கின்றன. மூடித் திறக்கத் திருகு கிடையாது, ராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கிறது. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகப் பீச்சி அடிக்கும், குனியாமல் குடிக்கலாம். எனக்கு முதல் தடவை சட்டை முழுக்க நனைந்தது.

சரி, மூன்றாம் நாள். அம்மாவும் மகளும் வாடிகன் மியூசியத்துக்கு டிக்கெட் போட்டிருந்தார்கள். அவ்வளவு கூட்டத்தில் அண்ணாந்து பார்த்தபடி நிற்க என் கழுத்து ஒத்துக்கொள்ளாது என்று சொல்லித் தப்பித்து, மெட்ரோ ஏ லைனில் ஜூலியோ அக்ரிகோலா ஸ்டேஷனில் இறங்கிப் பழைய கால்வாய்ப் பாலங்கள் நிற்கும் பூங்காவுக்குப் போனேன். டூரிஸ்ட் கூட்டம் அவ்வளவாக இல்லை. நாயோடு நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், குடை விரித்த மாதிரி பைன் மரங்கள், நடுவில் வரிசையாக ஒன்பது மாடி உயரத்துக்குக் கல் வளைவுகள். ரோமை ஆண்ட கிளாடியஸ் ராஜா கி.பி. 52-இல் முடித்த கால்வாய் இது. மொத்த நீளம் 69 கிலோமீட்டர், பெரும்பகுதி பூமிக்கடியில், ஊரை நெருங்கும்போது மட்டம் இறங்கிவிடாமல் இருக்கத்தான் இந்த வளைவுகள். இடிந்த இடத்தில் நின்று பார்த்தால் உச்சியில் தண்ணீர் ஓடிய கால்வாயின் வெட்டுமுகம் தெரிகிறது. பம்பும் இல்லை மோட்டாரும் இல்லை, வெறும் வாட்டம்தான்.

அங்கேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஃப்ரொன்டினஸ் பற்றி மகள் போனில் இறக்கிக் கொடுத்ததைப் படித்தேன். உனக்கு இவரைத் தெரிந்திருக்கலாம், எனக்குப் புதுசு. கி.பி. 97-இல் ரோமின் தண்ணீருக்குத் தலைமை அதிகாரி. பதவிக்கு வந்ததும் ஒன்பது கால்வாய்களையும் அளந்து பார்த்தால் கணக்கு உதைக்கிறது. தோண்டிப் பார்த்தால், தண்ணீர் ஆட்களே காசு வாங்கிக்கொண்டு தெருவுக்கடியில் குழாயைத் துளைத்துத் திருட்டு இணைப்பு கொடுத்திருக்கிறார்கள். அனுமதி வாங்கின அளவைவிடப் பெரிய குழாய் போட்டவர்களும் உண்டு. அதனாலேயே இணைப்பின் வாயில் முத்திரை குத்தின வெண்கலக் குழல் வைக்கச் சட்டம், ஈயம் மாதிரி அதை இஷ்டத்துக்கு வளைத்துப் பெரிதாக்க முடியாதாம். நீ சைக்கிளில் தெருத்தெருவாகப் போய் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறவர்களைப் பிடித்த கதைகள் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன்.

அப்புறம் அதே லைனில் ஸ்பாஞா ஸ்டேஷன். புகழ்பெற்ற படிக்கட்டு, 2019-இலிருந்து அதில் உட்கார்ந்தால் அபராதம், கால் வலிக்கிறவனுக்கு எதற்கு அந்தப் படிக்கட்டு! ஆனால் கீழே ஒரு நீரூற்று, பாதி மூழ்கின படகு மாதிரி தரை மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அந்த இடத்தில் பிரஷர் கம்மி, உயரமாகப் பீச்ச முடியாது, அதனால் அப்படிச் செய்தார்கள் என்கிறார்கள். குறையையே அழகாக்கிவிட்ட அந்தச் சிற்பிக்கு நீ கை கொடுத்திருப்பாய்.

அதற்கு வரும் தண்ணீர்தான் த்ரேவி என்ற பெரிய நீரூற்றுக்கும் வருகிறது. அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் தளபதி அக்ரிப்பா கி.மு. 19-இல் கொண்டுவந்த கால்வாய், இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளம், மொத்த இறக்கம் வெறும் 4 மீட்டர்! எந்தக் கருவியை வைத்து மட்டம் பார்த்தார்கள், நீயே சொல். த்ரேவியில் நாணயம் போடுகிற கூட்டத்தில் நீரூற்றைவிடப் பின்னந்தலைகளைத்தான் அதிகம் பார்த்தேன். பக்கத்துப் பெரிய ஜவுளிக்கடையின் கீழ்த்தளத்தில் இதே கால்வாயின் வளைவுகளைக் கண்ணாடிக்குப் பின்னால் விட்டு வைத்திருக்கிறார்கள், அங்கே ஆளே இல்லை. கழிப்பறைக்கு மட்டும் அரைமணி நேரம் அலைந்தேன். இவ்வளவு தண்ணீர் ஓடும் ஊரில்!

கடைசியாக 5 யூரோ கொடுத்துப் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில். முகப்பில் அக்ரிப்பா பேர் இருக்கிறது, கட்டடம் என்னவோ பிறகு ஹாட்ரியன் சக்கரவர்த்தி கட்டியது. 43 மீட்டர் குவிமாடம், கம்பியே போடாத கான்கிரீட், உச்சியில் திறந்த வட்டம். மழை பெய்தால் உள்ளே கொட்டும், தரையில் லேசாக வாட்டம் வைத்து வடிய ஓட்டைகள் போட்டிருக்கிறார்கள். எல்லாரும் அண்ணாந்து பார்க்க நான் தரையைத் தேடிக்கொண்டிருந்தேன். இந்த அக்ரிப்பா கால்வாய்களைப் பராமரிக்கச் சொந்தமாக 240 அடிமைகளை வைத்திருந்து, சாகும்போது அகஸ்டஸுக்கு எழுதி வைத்தாராம். கட்டுகிறவன் பேர் கல்லில் இருக்கிறது, அடைப்பு எடுத்த அந்த 240 பேரில் ஒருத்தர் பேராவது யாருக்குத் தெரியும்?

ஒன்று கேட்க வேண்டும். 2017-இல் கடும் வறட்சி வந்தபோது அந்த நாசோனே குழாய்களை மூட ஆரம்பித்தார்கள், ஊரில் ஒரே சண்டை. ஊர்க் குழாய்களில் கசிந்து போவது அதைவிடப் பல மடங்கு, அதை விட்டுவிட்டு ஏழையின் தண்ணீரில் கை வைக்கிறீர்களே என்று ஒரு கட்சி. ஓடிக்கொண்டே இருந்தால்தான் குழாயில் தண்ணீர் தேங்கிக் கெடாது என்றும் சொல்கிறார்கள். நீ அந்த நாற்காலியில் இருந்தால் திருகு வைப்பாயா, ஓட விடுவாயா? எழுது. மறக்காமல் காலையும் நீட்டி மடக்கு.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்