உங்கள் லைப்ரரியை எங்களால் லிங்க் செய்ய முடியவில்லை: ராஸ் பேக்கேஜ் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரோபோக்களுக்கான மென்பொருள் தளமான ராஸுக்குப் பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) எழுதி, பராமரித்து, இலவசமாகக் கொடுக்கும் நண்பர்களுக்கு, வணக்கம்.

முதலில் நன்றி. அசைவுகளைக் கணக்கிடும் உங்கள் கைனமேட்டிக்ஸ் லைப்ரரி இல்லையென்றால் எங்கள் ரோபோ கை இன்னும் அசையாமல்தான் கிடந்திருக்கும், அதை மறுக்க மாட்டேன். எந்தக் குழு என்று பெயர் சொல்லப்போவதில்லை. ஒரு குழுவின் குறை மட்டும் என்றால் அவர்களுக்கே தனியாக எழுதியிருப்பேன். இதே குறையை வேறு நாலைந்து பேக்கேஜ்களிலும் பார்த்துவிட்டேன், அதனால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் ஒரு ஷேர்டு லைப்ரரி (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் தொகுதி) எழுதுகிறீர்கள், அதை உங்கள் பேக்கேஜுக்குள் இருக்கும் நோடுடன், அதாவது ஓடும் நிரலுடன், லிங்க் செய்து இணைக்கிறீர்கள், நோடு ஓடுகிறது, அத்தோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறீர்கள், மற்றப் பேக்கேஜ்கள் எடுத்துக்கொள்ளும்படி அதை எக்ஸ்போர்ட் செய்வதில்லை. ஆனால் ரீட்மி என்ற விளக்கக் குறிப்பில் "இதை உங்கள் புராஜெக்டிலும் லைப்ரரியாகப் பயன்படுத்தலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் நாங்கள் வருகிறோம்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இதுதான் முதல் வேலை: உங்கள் லைப்ரரியை எங்கள் பேக்கேஜிலிருந்து அழைக்க வேண்டும். பில்ட் கருவியான சிமேக்கின் ஃபைலில், பேக்கேஜைத் தேடும் ஃபைண்ட்_பேக்கேஜ் வரியை எழுதினார், கிடைத்தது. ஃபங்க்ஷன்களின் அறிவிப்புகள் இருக்கும் ஹெடரை இன்க்ளூட் செய்தார், ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் கம்பைல் ஆனது. கடைசிப் படியில் எல்லாவற்றையும் இணைக்கும் லிங்கர் வந்து 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' (அழைத்த ஃபங்க்ஷன் எங்கேயும் கிடைக்கவில்லை) என்று திரை நிறையக் கொட்டியது. ஹெடர் பாதையை மட்டும் எக்ஸ்போர்ட் செய்துவிட்டு லைப்ரரியை எக்ஸ்போர்ட் செய்யாமல் விட்டால் சரியாக இப்படித்தான் நடக்கும். பேக்கேஜே கிடைக்கவில்லை என்று சிமேக் முதலிலேயே சொல்லியிருந்தால்கூட நிம்மதி. எல்லாம் சரி என்று கூட்டிக்கொண்டு போய்க் கடைசியில் கைவிட்டதால், தப்பு தன்னுடையதுதான் என்று அவர் நினைத்தார். தன் சிமேக் ஃபைலை இரண்டு நாள் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தார். யாரிடமும் கேட்கவும் இல்லை, புதிதாகச் சேர்ந்தவர் இல்லையா.

மூன்றாம் நாள் இன்ஸ்டால் ஃபோல்டரைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அங்கே அந்த எஸ்ஓ ஃபைலே, அதாவது ஷேர்டு லைப்ரரியின் ஃபைலே, இல்லை. பில்ட் ஃபோல்டரில் மட்டும் இருந்தது. அதன் முழுப் பாதையை அப்படியே எழுதி லிங்க் செய்தார், பில்ட் ஆனது. ஓட்டினால் 'ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைலைத் திறக்க முடியவில்லை' என்று வந்தது, ஏனென்றால் இன்ஸ்டால் செய்யும்போது பில்ட் ஃபோல்டரைக் காட்டும் ஆர்பாத்தை (லைப்ரரியைத் தேட நிரலுக்குள் எழுதிவைத்த பாதையை) சிமேக் அழித்துவிடும். சரி என்று லைப்ரரிகளைத் தேடும் இடத்தைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத்தை, டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சியில் போட்டார். அவருடைய மடிக்கணினியில் ஓடியது. அப்புறம் இன்ஸ்டால் ஃபோல்டரை மட்டும் ரோபோவுக்கு நகலெடுத்தோம். அங்கே சிஸ்டம்டி சர்வீஸ்தான் எல்லாவற்றையும் தொடங்கி வைக்கும். அது பாஷ்ஆர்சியைப் படிக்காது, படித்திருந்தாலும் பயனில்லை, அந்தப் பில்ட் ஃபோல்டரே ரோபோவில் கிடையாது. காலையில் சோதனைக்கு எல்லோரும் கூடியிருந்தோம், கை அசையவில்லை. மன்னிப்புக் கேட்டது அவர். அவர் கேட்டிருக்கவே வேண்டாம். போன வாரம் நடந்தது இது, இந்த மடலை எழுத வைத்ததும் இதுதான்.

உங்களிடம் முறையிட்டபோது "எங்களிடம் ஓடுகிறதே" என்று பதில் வந்தது. பொய் என்று சொல்லவில்லை, நிச்சயம் ஓடியிருக்கும். உங்கள் ரீட்மியில் இருக்கும் கட்டளை, ராஸ் 2-இன் பில்ட் கருவியான கோல்கானின் பில்டுடன் ஸிம்லிங்க் இன்ஸ்டால் என்ற ஆப்ஷனைச் சேர்த்தது. அப்படிச் செய்தால் இன்ஸ்டால் ஃபோல்டரில் இருக்கும் நோடு வெறும் இணைப்புதான், உண்மையான ஃபைல் பில்ட் ஃபோல்டரிலேயே ஆர்பாத் அழியாமல் இருக்கும், பக்கத்தில் இருக்கும் லைப்ரரியையும் அது எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு ஆப்ஷனை எடுத்துவிட்டு, பழைய பில்ட், இன்ஸ்டால் ஃபோல்டர்களை அழித்துவிட்டு ஒருமுறை பில்ட் செய்து பாருங்கள். உங்கள் நோடே உங்களிடம் ஓடாது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. ராஸின் பழைய தலைமுறையான ராஸ் 1 காலத்தில் கேட்கின்_மேக் என்ற பில்ட் கருவி, ஒர்க்ஸ்பேஸில் (பேக்கேஜ்களை வைத்திருக்கும் ஃபோல்டரில்) இருக்கும் எல்லாப் பேக்கேஜையும் ஒரே சிமேக் ஓட்டத்தில் பில்ட் செய்யும். அதனால் பக்கத்துப் பேக்கேஜின் டார்கெட் (பில்ட் செய்யப்படும் லைப்ரரி அல்லது நிரல்) பெயரை நேராக எழுதினாலும் லிங்க் ஆகிவிடும். கேட்கின்_பேக்கேஜில் லைப்ரரிஸ் என்ற இடத்தை நிரப்ப மறந்தாலும் யாருக்கும் தெரியாது. தனித்தனியாக, ஐசோலேட்டட் முறையில் பில்ட் செய்தவர்கள் மட்டும்தான் மாட்டிக்கொண்டார்கள். கோல்கான் அப்படி இல்லை, ஒவ்வொரு பேக்கேஜையும் தனித்தனியாகத்தான் பில்ட் செய்கிறது. ராஸ் 1-இன் கடைசிப் பதிப்பான நோயட்டிக்கின் ஆயுளும் 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அந்தக் காலத்துச் சலுகை இனி கிடையாது.

நான் கேட்பது பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. லைப்ரரி டார்கெட்டை ஒரு எக்ஸ்போர்ட் பெயருடன் லிப் ஃபோல்டரில் இன்ஸ்டால் செய்யுங்கள். அதே பெயரை ராஸ் 2-இன் அமென்ட்_எக்ஸ்போர்ட்_டார்கெட்ஸ் கட்டளைக்குக் கொடுங்கள், ஹேஸ்_லைப்ரரி_டார்கெட் என்பதையும் சேர்த்து. உங்கள் ஹெடருக்குள் ஐகன் என்ற கணித லைப்ரரியை இன்க்ளூட் செய்திருக்கிறீர்கள், அப்படியானால் அமென்ட்_எக்ஸ்போர்ட்_டிபென்டன்சிஸில் அதையும் எழுதுங்கள், பேக்கேஜ் எக்ஸ்எம்எல்லிலும் வெறும் பில்ட்_டிபென்ட் என்று விடாமல் டிபென்ட் என்றே எழுதுங்கள். ஹெடர் பாதையை பில்ட் இன்டர்ஃபேஸ், இன்ஸ்டால் இன்டர்ஃபேஸ் என்று பிரித்துக் கொடுங்கள், இல்லையென்றால் உங்கள் மடிக்கணினியின் ஹோம் ஃபோல்டர் பாதையும் எக்ஸ்போர்ட் ஆகப் பார்க்கும். அவ்வளவுதான், பத்து வரிகூட வராது. நாங்கள் இந்தப் பக்கம் டார்கெட்_லிங்க்_லைப்ரரிஸில் ஒரே ஒரு பெயர் எழுதினால் போதும்.

இந்த வரிகளை எழுதி நான்கு மாதத்துக்கு முன்பே உங்களுக்கு அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. நடுவில் இரண்டு புதிய வெளியீடுகள் வந்தன, அழகான டெமோ வீடியோ வந்தது, புதிய கிரிப்பருக்கான ஆதரவு வந்தது. என் கோரிக்கை 'நீண்ட நாளாக அசைவில்லை' என்ற காரணத்தோடு தானாக மூடப்பட்டது. அசைய வேண்டியது யார் என்று கேட்கத் தோன்றியது. நம் துறையிலேயே பில்ட் ஃபைலை யாரும் புரோகிராம் கோடாக மதிப்பதில்லை. அல்காரிதத்தில் ஒரு குறியீடு மாறினால் மூன்று பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள். சிமேக் ஃபைலை எங்கிருந்தோ எடுத்து ஒட்டிவிட்டு, பிழை நிற்கும்வரை வரிகளைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். அதற்கான விலையை அதை எழுதியவர் கொடுப்பதில்லை, எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்தான் கொடுக்கிறார்.

லிங்க் ஆகாதபோது மக்கள் வேறு வழி பார்ப்பார்கள் என்பதையும் யோசியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குழு உங்கள் சோர்ஸையே தங்கள் பேக்கேஜுக்குள் நகலெடுத்து வைத்திருக்கிறது. அவர்களுடைய ஒரு காம்பொனென்டும் (நிரலில் சேர்க்கும் பகுதி), வேறொரு பதிப்பை இதேபோல நகலெடுத்த இன்னொரு காம்பொனென்டும் ஒரே நிரலுடன் லிங்க் செய்யப்பட்டு ஒரே பிராசஸில் ஏறின. ஒரே பெயரில் இரண்டு ஃபங்க்ஷன்கள், முதலில் ஏறியதே இரண்டுக்கும் கிடைத்தது, ஸ்ட்ரக்டின் (தரவுக் கட்டமைப்பின்) அளவோ இரண்டிலும் வேறு. செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற நினைவகப் பிழை எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் வந்தது. ஒரு கை முழு வேகத்தில் நகரும்போது அதை இயக்கும் பிராசஸ் இப்படி விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகவே பேசிவிட்டேன். நீங்கள் சம்பளம் வாங்காமல் இதைச் செய்கிறீர்கள் என்பதை மறக்கவில்லை. அதனால் மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: தயவுசெய்து லைப்ரரியை இன்ஸ்டால் செய்யுங்கள், எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அடுத்த வெளியீட்டுக்கு முன், ஸிம்லிங்க் இல்லாமல் பில்ட் செய்து, வேறொரு ஒர்க்ஸ்பேஸில் இருக்கும் ஒரு சின்ன பேக்கேஜிலிருந்து ஒரே ஒரு ஃபங்க்ஷனை அழைத்துப் பாருங்கள். அந்தச் சோதனைப் பேக்கேஜை நானே எழுதித் தருகிறேன். ஹம்பிள், ஜாஸி என்ற ராஸ் 2 பதிப்புகள் இரண்டிலும் ஓட்டிப் பார்த்து முடிவைச் சொல்கிறேன்.

அதைச் செய்ய நேரமே இல்லையென்றால், ரீட்மியில் இருக்கும் அந்த "லைப்ரரியாகப் பயன்படுத்தலாம்" என்ற வரியையாவது இப்போதைக்கு எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் லைப்ரரியை இன்னும் நம்பியிருக்கும் ஒரு ரோபோ நிரலாளர்