முன்னாள் மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு விதிப்படி கூடியது. சந்தா பாக்கி சென்ற ஆண்டைப் போலவேதான். யார் யார் என்று இங்கே வாசிக்கப் போவதில்லை, அவரவருக்குத் தெரியும். மறைந்த உறுப்பினர்களுக்குக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே அஞ்சலி செலுத்திவிட்டோம். சுற்றுச்சுவர், கழிப்பறை வேலைகள் பற்றிக் கட்டடக் குழு தனியாகச் சொல்லும். சென்ற பொதுக்குழு எங்களிடம் ஒப்படைத்த முக்கியமான வேலை ஒன்றுதான்: நம் பள்ளியில் பத்தாவது முடிக்கிற பிள்ளைகளுக்கு அறிவியலில் என்னென்ன படிக்கக் கிடைக்கிறது, கிடைக்காதது ஏன் கிடைக்கவில்லை என்று பார்ப்பது. இந்த அறிக்கையில் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978இல் வந்தது. அதற்கு முன்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் பி.யூ.சி. படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டும்; நம் மூத்த உறுப்பினர்கள் சிலர் அப்படிப் போனவர்கள்தான். இன்று பிளஸ் ஒன்னுக்குப் பாடத்திட்டத்தில் உள்ள பாடங்களை எழுதினால் பட்டியல் நீளும். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல், தாவரவியல், விலங்கியல், கணினி அறிவியல் போக, உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், புள்ளியியல், மனையியல், தொழிற்கல்வியில் செவிலியம், வேளாண் அறிவியல் என்று இருக்கிறது. இதெல்லாம் காகிதத்தில். நம் பள்ளியில் இருப்பது பயோ-மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், அப்புறம் வணிகவியல். ப்யூர் சயின்ஸ் என்று எல்லோரும் சொல்கிற பிரிவு, அதாவது கணக்கு இல்லாமல் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் நான்கும் படிக்கிற பிரிவு, முன்பு இருந்தது, இப்போது இல்லை.

எப்படிப் போனது என்று விசாரித்தோம். யாரும் அதை மூடவில்லை. விலங்கியல் ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வில் வேறு ஊருக்குப் போனார். இடம் காலியாகவே இருந்தது. ஆசிரியர் இல்லை என்று தெரிந்ததும் பெற்றோர் சேர்க்கத் தயங்கினார்கள். சேர்க்கை குறைந்ததும், இத்தனை பேருக்கு எதற்கு ஒரு பிரிவு என்ற கேள்வி வந்தது. ஆசிரியர் இல்லாததால் மாணவர் இல்லை, மாணவர் இல்லாததால் ஆசிரியர் இல்லை. இரண்டு ஆண்டு இப்படிப் போனால் ஒரு பிரிவு தானாகவே காணாமல் போகும்.

இதில் பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. ப்யூர் சயின்ஸ் போனாலும் விலங்கியல் ஆசிரியரின் தேவை போகவில்லை. பயோ-மேத்ஸ் மாணவர்கள் எழுதும் உயிரியல் தாளில் எழுத்துத்தேர்வு 70 மதிப்பெண். அதில் பாதி தாவரவியல், பாதி விலங்கியல், தலா 35. ஒரே ஆசிரியர் இரண்டையும் இழுத்துக்கொண்டு ஓடினால் ஏதோ ஒன்று அடிபடும். நம் பள்ளியில் அடிபடுவது விலங்கியல். நீட் எழுத நினைக்கிற பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய இடி. அந்தத் தேர்வில் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்குத்தான்.

மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு, பள்ளி வேப்பமரத்தடியில் இரண்டு மேசை போட்டு வழிகாட்டி முகாம் நடத்தினோம். சுற்று வட்டாரப் பள்ளிகளில் படித்தவர்களும் வந்தார்கள். நான் எதிர்பார்த்தது மதிப்பெண் சந்தேகங்களை. வந்ததெல்லாம் கௌரவச் சந்தேகங்கள். ஃபர்ஸ்ட் குரூப், அதாவது கணக்கோடு அறிவியல் படிக்கிற பிரிவு, கிடைக்காவிட்டால் பிள்ளை படிப்பில் மட்டம் என்று ஊர் நினைக்கும் என்ற பயம் பெற்றோருக்கு இன்னும் விடவில்லை.

ஷூ கம்பெனிக்குப் போகிற ஒரு அம்மா, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலேயே வந்திருந்தார். பக்கத்தில் மகள்.

"கணக்குல முப்பத்தெட்டுதாங்க சார். ஆனா அறிவியல்ல தொண்ணூத்திரண்டு. நர்ஸ் ஆகணும்னு சொல்லுது. எங்க அண்ணன் ஃபர்ஸ்ட் குரூப்புதான் போடணும்னு நிக்கிறாரு."

"நர்சிங்குக்குக் கணக்கு வேணாமேம்மா. பாப்பாவுக்குக் கணக்கு பிடிக்குமா?"

அந்தப் பெண் தலையை வேகமாக ஆட்டினாள், இல்லை என்று. சரி, கணக்கு இல்லாத அறிவியல் பிரிவில் சேர்த்துவிடுங்கள் என்றேன். "இங்க இருக்குங்களா சார்?" என்று அந்த அம்மா கேட்டார். இல்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் இருக்கிறது, இரண்டு பஸ் மாற வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் காசுப் பிரச்சினை இல்லை. விடியற்காலையில் கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்புவதுதான் பிரச்சினை. கடைசியில் அங்கேதான் சேர்ந்திருக்கிறாள். இப்படி இருவர் மூவர் அல்ல, அதற்கும் மேலானவர்கள் அந்த முகாமில் இருந்தார்கள். அவர்களில் பலர் கணக்கைக் கட்டிக்கொண்டு பயோ-மேத்ஸில் உட்கார்ந்திருக்கிறார்கள், சிலர் அறிவியலையே விட்டு வணிகவியலுக்குப் போய்விட்டார்கள்.

முகாமில் திரும்பத் திரும்பச் சொன்னவற்றை இங்கேயும் பதிவு செய்கிறேன், அடுத்த ஆண்டு வேறு யார் மேசையில் உட்கார்ந்தாலும் உதவும். பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் மதிப்பெண் மொத்தம் 200: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. உயிரியலும் கணினி அறிவியலும் அந்தக் கணக்கிலேயே வராது. ஆகவே கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆக வேண்டுமானால் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தே தீர வேண்டும் என்பது வெறும் நம்பிக்கை. அந்தப் பிரிவில் 11ஆம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், 12இல் பைத்தான் சொல்லித் தருகிறார்கள். முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதுதான், கட்டாயம் இல்லை. ஆனால் அதில் சேர்ந்த பிள்ளை உயிரியலை விட்டுவிடுகிறது என்பதைப் பெற்றோர் யோசிப்பதில்லை. பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதி நீட்டுக்குப் போகலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் வழிவிட்டிருக்கிறது. வழி உண்டு என்பதற்காக அந்தச் சுற்று வழியில் யாரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள்.

டாக்டர் என்றால் எம்.பி.பி.எஸ். மட்டும் என்று நினைப்பவர்களிடம் கால்நடை மருத்துவம் பற்றிச் சொன்னோம். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். வேளாண்மை, மீன்வளம், பி.எஸ்சி. நர்சிங் எல்லாவற்றுக்கும் அப்படியே. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருப்பது ஊருக்கே தெரியும். அதே ஒதுக்கீடு 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் உண்டு என்பது முகாமுக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஆடு மாடு வளர்க்கிற ஊரில் கால்நடை மருத்துவம் என்றதும் முகம் சுளித்தவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அடுத்து ஆய்வகம். சென்ற ஆண்டு வேதியியல் ஆய்வகத்தில் தண்ணீர்க் குழாய் வேலை செய்யவில்லை, சிங்க் அடைத்துக்கொண்டிருந்தது, நல்ல பியூரெட்டுகள் (திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாய்கள்) கைவிரலில் எண்ணுகிற அளவுதான். குழாயையும் சிங்க்கையும் நம் உறுப்பினர் ஒருவரே ஆள் வைத்துச் சரி செய்து கொடுத்தார், கூலி வாங்கவில்லை. பியூரெட், பிப்பெட், கூம்புக் குடுவை, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், உயிரியலுக்கு நுண்ணோக்கிகள் ஆகியவற்றைச் சங்கம் வாங்கித் தந்தது.

முதல் வகுப்பு நடந்தபோது நானும் ஓரமாக நின்று பார்த்தேன். பெர்மாங்கனேட் தரம்பார்த்தல், அதாவது ஒரு கரைசலை இன்னொன்றில் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தை வைத்து அதன் செறிவைக் கண்டுபிடிப்பது. குடுவையில் ஃபெர்ரஸ் அம்மோனியம் சல்பேட் 20 மில்லி, கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம், அடியில் வெள்ளை ஓடு. மேலே பியூரெட்டில் கருஊதாவாகப் பெர்மாங்கனேட். நிறம் அடர்த்தியாக இருப்பதால் திரவ மட்டத்தின் கீழ் வளைவு கண்ணுக்குத் தெரியாது, மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும் என்று ஆசிரியர் சொன்னார். புத்தகத்தில் படித்திருந்தும் பிள்ளைகள் எல்லோரும் கீழ் வளைவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் குடுவையைச் சுழற்றியபடி திருகைத் திறந்துவிட்டான். விழுந்த துளியெல்லாம் நிறம் மறைய மறைய அவனுக்குத் தைரியம் வந்து, ஒரே நொடியில் குடுவை முழுக்க அடர் ஊதா ஆகிவிட்டது. ஆசிரியர் திட்டவில்லை. "கொட்டிட்டு மறுபடி எடுப்பா, கடைசியில சொட்டுச் சொட்டா விடு" என்றார். இரண்டாம் தடவை, நிறுத்த வேண்டிய இடமான மெல்லிய இளஞ்சிவப்பு வந்து நின்றது. பக்கத்து மேசைப் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

செய்முறைக்கு 20 மதிப்பெண், அகமதிப்பீட்டுக்கு 10. இந்த முப்பதையும் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்துவிடுகிற வழக்கம் மாநிலம் முழுக்க இருக்கிறது, நம் பள்ளியிலும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். என் கருத்து வேறு. மதிப்பெண் எப்படியும் வந்துவிடும் என்றால் ஆய்வகத்தை யார் திறப்பார்கள்? கல்லூரியில் முதல் ஆண்டு வேதியியலில் நம் பிள்ளைகள் முழிப்பதற்குக் காரணம் ஆங்கிலம் மட்டும் இல்லை. இதில் தலைமையாசிரியரும் நானும் ஒத்துப்போகவில்லை என்பதையும் அவர் முன்னிலையிலேயே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கு வெளியே கிடைப்பவற்றில் சிலவற்றைப் பயன்படுத்தினோம். 11ஆம் வகுப்பு மாணவர்களுக்கான முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வுக்கு விருப்பம் உள்ளவர்களை எல்லாம் விண்ணப்பிக்க வைத்தோம். மாநில அளவில் ஆயிரம் பேருக்கு, பட்டப்படிப்பு வரை ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய். சென்னை ஐஐடி மேல்நிலை மாணவர்களுக்கு இணையவழியில் நடத்தும் எட்டு வாரச் சான்றிதழ் படிப்பில் சிலர் சேர்ந்தார்கள். வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்பதால் பள்ளி ஹைடெக் லேபை மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைக்க ஏற்பாடு செய்தோம். ஒன்பதாம் வகுப்பினருக்கு இஸ்ரோ நடத்தும் யுவிகா இளம் விஞ்ஞானி முகாமுக்கு விண்ணப்பித்ததில் யாருக்கும் இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டும் விண்ணப்பிப்போம்.

காவலூர் வானாய்வகப் பயணத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். ஆலங்காயம் தாண்டி மலையேறினால் வந்துவிடுகிற இடம், நம்மில் பலர் இந்த வயது வரை போனதில்லை. அங்கே இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. வானியலாளர் வைணு பாப்பு பெயரில் இருக்கிறது, நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டியது. 1977இல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் காட்டிய அவதானிப்புகளில் காவலூரில் எடுத்ததும் ஒன்று. பெரிய தொலைநோக்கியைப் பகலிலேயே காட்டினார்கள். இரவில் சிறியதில் வானம் பார்க்கலாம் என்று காத்திருந்தோம், மேகம் விடவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸில், பி.எஸ்சி. இயற்பியல் படித்தால் இங்கே வேலை கிடைக்குமா என்று ஒரு மாணவி கேட்டாள். எம்.எஸ்சி., அதற்குப் பிறகு ஆராய்ச்சி என்று வழியைச் சொன்னோம். அவள் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு. அதில் இயற்பியலும் கணக்கும் இருப்பதால் அவளுக்கு அந்த வழி திறந்தே இருக்கிறது.

இனி செயற்குழுவில் நடந்த வாக்குவாதம். நன்கொடையாக வந்த தொகையை நீட் பயிற்சி மையத்துக்குச் செலவிட வேண்டும் என்று ஒரு தரப்பு. 7.5 சதவீதம் இருக்கும்போது ஒரு பிள்ளையாவது எம்.பி.பி.எஸ். போனால் ஊருக்கே பெருமை என்றார்கள். தொகுப்பூதியத்தில் ஒரு விலங்கியல் ஆசிரியரைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் வைக்க வேண்டும் என்று இன்னொரு தரப்பு. நான் இரண்டாவது தரப்பு. வகுப்பில் பாடமே நடக்காத புத்தகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி கொடுத்து என்ன பயன்? நீண்ட பேச்சுக்குப் பிறகு ஆசிரியருக்கு என்று முடிவானது. ஜூலையிலிருந்து நம் ஊர்ப் பெண் ஒருவர், எம்.எஸ்சி. விலங்கியல், பி.எட். முடித்தவர், வகுப்பெடுக்கிறார். நிரந்தரப் பணியிடத்தை நிரப்பக் கோரி சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குக் கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வந்திருக்கிறது. அது மட்டும்தான் வந்திருக்கிறது.

கடைசியாக ஒரு புதுக் கவலை. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையில், 2025–26 கல்வியாண்டிலிருந்தே 11ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு கிடையாது என்று அறிவித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறையும், மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பொதுத்தேர்வு 2018 மார்ச்சில் ஏன் வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அதற்கு முன்பு பல பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே நேராகப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள். பொதுத்தேர்வு மதிப்பெண் குவியும்; நீட்டிலும் பொறியியல் நுழைவுத்தேர்வான ஜே.இ.இ.யிலும் இரண்டு ஆண்டுப் பாடமும் வரும்போது பிள்ளை திணறும். நம் பள்ளியில் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. பொதுத்தேர்வு இல்லாத வகுப்புக்கு ஆய்வகப் பாடவேளைதான் முதலில் வெட்டுப்படும் என்பது மட்டும் நிச்சயம்.

ஆகவே செயற்குழு சார்பில் மூன்று தீர்மானங்களைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவுகளுக்கு வாரம் ஒரு முறையாவது ஆய்வகம் நடப்பதைப் பள்ளி மேலாண்மைக் குழு பதிவேட்டில் பார்த்துக் கையெழுத்திடக் கோருவது. விலங்கியல் ஆசிரியரின் ஊதியத்தை அடுத்த கல்வியாண்டு முடியும்வரை தொடர்வது. 2026 ஜூன் சேர்க்கையில் ப்யூர் சயின்ஸ் பிரிவை மறுபடி தொடங்க, இப்போது பத்தாவது படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஜனவரிக்குள் விருப்பக் கடிதம் வாங்குவது. மூன்றாவது வேலைக்குத் தெருத் தெருவாகப் போக ஆள் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்