வ.உ.சி. ஒரு வக்கீல்: நினைவுப் பலகைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

நகரின் நினைவுப் பலகைகளுக்குப் பொறுப்பான குழுவினருக்கு,

வணக்கம்.

பெரம்பூரில் நீங்கள் வைத்திருக்கும் வ.உ.சிதம்பரம் பிள்ளை பலகையைப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். என் மனுவுக்கு நீங்கள் அனுப்பிய பதில் வந்து சேர்ந்தது. இடப்பற்றாக்குறை காரணமாகக் கூடுதல் விவரம் சேர்க்க இயலாதாம். சரி என்று பலகையை இன்னொரு தரம் போய்ப் பார்த்தேன். அவரைப் பற்றி நாலு வரி: பிறப்பு, கப்பல், செக்கு, இறப்பு. அதற்குக் கீழே தலைமை, முன்னிலை, திறந்து வைத்தவர், நன்கொடை அளித்தவர் என்று பெயர்கள் வரிசையாகப் போகின்றன. இடம் எங்கே போயிற்று என்பது புரிந்தது.

நான் கேட்பது இரண்டே வரி. அவர் ஒரு வக்கீல் என்பது ஒன்று. சன்னது, அதாவது வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமம், பறிபோய், இதே சென்னையில் குடும்பத்தோடு திண்டாடினார் என்பது இன்னொன்று.

நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கோவில்பட்டிப் பக்கம் சொந்த ஊர். சன்னது இல்லாத வக்கீலின் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் இந்தப் பிடிவாதம்.

ஓட்டப்பிடாரத்தில் அவர் தகப்பனாரும் வக்கீல். மகன் 1895-இல் அங்கேயே தொழிலைத் தொடங்கினார். ஏழைகளுக்குப் பல வழக்குகளைக் காசு வாங்காமல் நடத்தினார். போலீஸ்காரர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. 1900-இல் தூத்துக்குடிக்கு வந்தார். பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி, 10 லட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இதை வீரச்செயல் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். ஆனால் கம்பெனிச் சட்டத்தின்படி பதிவு செய்து, பங்கு திரட்டி, வெள்ளைக்காரன் சட்டத்தை வைத்தே வெள்ளைக்காரக் கம்பெனியோடு மல்லுக்கு நின்ற வேலை அது. சட்டம் படித்த மண்டை இல்லாமல் நடந்திருக்குமா?

1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும் முன்னால் நின்றார். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கேட்டு நடந்தது, தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். ஊரே அவர் பக்கம். வெள்ளையருக்குப் பரிந்து பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார் என்று இன்றும் சொல்வார்கள். மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். நீதிபதி பின்ஹே கொடுத்தது இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்தது. சிறைக்குள் இருந்தும் சட்ட மனுக்களை எழுதிக்கொண்டேதான் இருந்தார். உங்கள் பலகையில் செக்கு இருக்கிறது, மனு இல்லை.

1912 டிசம்பரில் விடுதலை. கம்பெனி அதற்கு முன்பே கலைக்கப்பட்டுவிட்டது. தண்டனை பெற்றவர் என்பதால் சன்னது ரத்து. கைவசம் இருந்த ஒரே தொழில் அது. இங்கேதான் சென்னை வருகிறது. மனைவி மக்களோடு சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று வீடு மாறிக்கொண்டே இருந்தார். சில்லறை வியாபாரம் செய்து பார்த்தார், அது கைகொடுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் அவருக்கென்று பணம் திரட்டிக் காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். 1915-இல் காந்தி சென்னைக்கு வந்தபோது வ.உ.சி. அவரைச் சந்தித்தார். அப்புறம் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் தான் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அந்தப் பணம், 347 ரூபாய் 12 அணா, கைக்கு வர 1916 ஆயிற்று. 10 லட்சம் மூலதனத்தில் கப்பல் கம்பெனி தொடங்கிய மனிதர், வர வேண்டிய முந்நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு நம் தெருக்களில் இருந்துகொண்டு கடிதம் எழுதியிருக்கிறார். எழுதியவரும் வக்கீல், எழுதப்பட்டவரும் வக்கீல். இதைப் பலகையில் போட என்ன கூச்சம்? சென்னைக்குப் பெருமை இல்லை என்றா?

கடைசியில் சன்னதைத் திரும்ப வாங்கிக் கொடுத்தது யார் தெரியுமா? உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த வாலஸ், ஒரு வெள்ளைக்காரர். அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. அவர் வக்கீல் என்பது வாலஸுக்கு ஞாபகம் இருந்தது. நம் குழுவுக்கு இடம் போதவில்லை.

சன்னது வந்ததும் 1920-களில் கோவில்பட்டிக்குப் போய் மறுபடி கோர்ட் ஏறினார். ஐம்பதைத் தாண்டிய வயதில், விட்டுப்போன தொழிலை ஒரு சின்ன ஊரில் முதலிலிருந்து பிடிப்பதென்றால் சும்மாவா? 1936 நவம்பர் 18-இல் தூத்துக்குடியில் இறந்தபோதும் கடன்தான் மிச்சம்.

சென்னைக்காரர்களுக்கு மொபசல் வக்கீல், அதாவது வெளியூர் வக்கீல், என்றாலே ஓர் இளக்காரம் எப்போதும் உண்டு. 1920-இல் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை வகித்த விஜயராகவாச்சாரியார் சேலம் வக்கீல். ராஜாஜியும் சேலத்தில் வக்கீலாக இருந்து, அந்த ஊர் நகராட்சித் தலைவராக 1917-இல் பொறுப்பேற்றவர்தான். இங்கே யாருக்கு அதெல்லாம் கவலை? வ.உ.சி. பிறந்த நாளான செப்டம்பர் 5 வந்தால் ஆசிரியர் தின வாழ்த்து முடிந்த பிறகு, நேரம் மிச்சம் இருந்தால் அவர் சிலைக்கு ஒரு மாலை. மறுநாள் அதே இடத்தில் யாருடைய பிறந்தநாளுக்கோ பேனர். பேனருக்கு மட்டும் இந்த நகரத்தில் இடப்பற்றாக்குறை வந்து நான் பார்த்ததே இல்லை.

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பலகை வைத்ததே நல்ல காரியம். அதை நான் மறுக்கவில்லை. என் வேண்டுகோள் பழையதுதான். உங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று வரிகளை நானே எழுதித் தருகிறேன்:

"ஓட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் கோவில்பட்டியிலும் ஏழைகளுக்காக வாதாடிய வழக்கறிஞர். சிறை மீண்டபின் சன்னது இழந்து, சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் பகுதிகளில் வறுமையில் வாழ்ந்தார்."

நன்கொடையாளர் பெயர்களின் எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் இந்த இரண்டு வரியும் தாராளமாக உட்காரும். அடுத்த செப்டம்பர் 5-க்குள் செய்து தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பெயர் சிறிதாவதில் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால், அவர் யாரென்று மட்டும் எனக்குத் தெரிவியுங்கள். நேரில் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெரம்பூர்வாசி, ஓய்வு பெற்ற வக்கீல் குமாஸ்தா